இன்னும் எத்தனை நாளைப்போவார்?

"நாளைக்கு வா அம்மா!"

மூன்றே சொற்கள். சீறிச் சொல்லப்பட்டவை அல்ல. சிலர் கனிவோடும் சொன்னார்கள். ஆயினும் அந்த மூன்று சொற்களும் கூடி ஒரு பெண்குழந்தையின் இரு செவிகளையும் அடைத்துவிட்டன, தோழர்களே!

தில்லையைப் பற்றிப் பேசுவோர் நந்தனைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அறுபத்து மூவரிலே அவருக்குக் கிடைத்த பெயர் திருநாளைப்போவார். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று நாளெல்லாம் ஏங்கியதாலே வந்த பெயராம் அது. ஏன் நாளை? இன்று போக வழியில்லை; அதனாலே நாளை. அந்தப் புராணத்தை அலசுவதற்கு நான் வரவில்லை. அந்தப் பெயரை மட்டும் கடனாகக் கேட்கிறேன். இடுப்பிலே குழந்தை, கையிலே காகிதங்கள் திணித்த நெகிழிப்பை, காலிலே பேருந்து நிலையத்துப் புழுதி. இப்படி அலுவலகத்துக்கு அலுவலகம் 'நாளை' வாங்கிக்கொண்டு திரும்புகிறாளே, அந்தத் தாய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நான் பள்ளி ஆசிரியன். கலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரச் சிற்றூர் ஒன்றிலே பாடம் சொல்லித் தருகிறேன். சிலம்பும் மேகலையும் பயின்றவன் என்ற செருக்கு எனக்கு உண்டு. அந்தச் செருக்கை ஒரு விண்ணப்பப் படிவம் அடக்கிற்று.

2023 ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். மகனை வகுப்பிலே விட வந்த தாயின் இடுப்பிலே ஒரு பெண்குழந்தை. வயது நான்கு, மாதம் எட்டு. மணி அடித்தது. வகுப்பிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினர். அந்தக் குழந்தை மட்டும் சுவரிலே ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேச்சு இன்னும் வரலை சார். அவங்க அப்பாவுக்கும் நேரங்கழிச்சுத்தான் வந்துச்சாம்" என்றார் அந்த அம்மா.

பேச்சு வரவில்லை என்பதன்று, ஓசையே போகவில்லை. மருத்துவர்கள் சோதித்துச் சொன்னார்கள்: பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லை, காக்ளியர் கருவியைக் காதுக்குள்ளே அறுவை செய்து பொருத்தலாம், அதன்பின் பேச்சுப் பயிற்சி தந்தால் இந்தக் குழந்தை கேட்கும், பேசும், படிக்கும், ஆனால் ஆறு வயதுக்குள் செய்துவிட வேண்டும். ஏன் அந்த எல்லை? மூளை, கேட்டுக் கேட்டுத்தான் மொழியைக் கட்டுகிறது. தொடக்க ஆண்டுகளிலே ஓசையே சென்று சேராவிட்டால், கேட்பதற்கென்று அமைந்த பகுதி வேறு வேலைக்குப் போய்விடுகிறது. பிறகு கருவி இருக்கும், ஓசையும் போகும். அதைச் சொல்லாகப் புரிந்துகொள்ளும் ஆற்றல் மிக அரிதாகவே வாய்க்கும். (உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் வழக்கம் பிறவிக் கேளாமையைப் பெருக்குகிறது என்பதையும் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெற்றோரும் மாமன் மகள், அத்தை மகன். அதை வேறொரு நாள் எழுத வேண்டும்.)

செலவு பல லட்சம். தந்தை கேரளத்திலே கட்டட வேலை, தாய் இறால் பண்ணையிலே தினக்கூலி. ஆனால் கலங்க வேண்டியதில்லை என்றேன் நான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே! 2009-ஆம் ஆண்டு ஜூலையிலே கலைஞர் பெயரால் தொடங்கி, 2012 ஜனவரியிலே புதுப்பெயர் பூண்டு, 2018-இலே ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி செய்த திட்டம். ஆட்சிகள் மாறின, அது மாறவில்லை. முதலிலே ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். 2022-இலே அது 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. பிரீமியம் ஏழை கட்டுவதில்லை, அரசே கட்டுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் அறுவையும் அந்தப் பட்டியலிலே உண்டு. இதயத்திலே ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கும் உண்டு, புற்றுநோய் கண்ட பிள்ளைக்கும் உண்டு.

எல்லாம் உண்டு! அந்தக் குழந்தைக்கு மட்டும் இல்லை. ஏன்? குடும்ப அட்டையிலே பெயர் இல்லை.

காப்பீட்டிலே சேர குடும்ப அட்டையிலே பெயர் வேண்டும். குழந்தையின் பெயரை ஏற்றுவதற்குத் தாய் தந்தைக்கென்று ஓர் அட்டை வேண்டும். தந்தையின் பெயரோ அவருடைய தகப்பனாரின் அட்டையிலே. தாயின் பெயர் வேறொரு வட்டத்திலே, பிறந்த வீட்டு அட்டையிலே. திருமணமாகிப் பத்தாண்டுகள் ஆகியும், அரசின் ஏட்டிலே அவர்கள் இன்னும் மணமாகாதவர்கள்! இரண்டு அட்டைகளிலிருந்தும் பெயரை நீக்கிப் புதிய அட்டைக்கு எழுத வேண்டும். குழந்தைக்கு ஆதார் எடுக்கப் பிறப்புச் சான்று வேண்டும். பிறப்புச் சான்று இருந்தது. அதிலே பிள்ளையின் பெயர் இருக்கவில்லை. பிறந்த ஓராண்டுக்குள் எழுதினால் கட்டணமில்லை. தாண்டினால் கட்டணமும் விண்ணப்பமும். பெயரை ஏற்றினால் ஆதார், ஆதார் வந்தால் குடும்ப அட்டை, அது வந்தால் வருமானச் சான்று, அதையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரிலே காப்பீட்டுப் பதிவு. ஒன்றின் வாலை ஒன்று கவ்விக் கிடக்கும் இந்தக் காகித வளையத்தை, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண் அறுக்க வேண்டும்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். "இன்ன அலுவலகத்துக்குப் போங்கள் அம்மா, இன்ன சான்றைக் கேளுங்கள்" என்று வாயாலே வழி சொல்லிவிட்டு, கடமை முடிந்ததென்று கரும்பலகைக்குத் திரும்பியவன் நான். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் முதல் வாசற்படியையே தாண்டவில்லை என்பது. நான் சொன்ன சொல் ஒன்று, அங்கே கேட்ட சொல் வேறொன்று. கூடப் போயிருந்தால் ஒரே நாளிலே முடிந்திருக்கும் வேலை அது. அந்த இரண்டு மாதங்களுக்குப் பொறுப்பு அலுவலகமல்ல, ஆசிரியன்.

பிறகு கூடப் போனேன். நானே எழுதினேன். அதற்குள் வேறொரு கதவு மூடிவிட்டது. மகளிர் உரிமைத்தொகைப் பணிகள் நடந்ததாலே 2023-இலே புதிய குடும்ப அட்டை வழங்குவது நிறுத்தி வைக்கப்பட்டது. அது முடியத் தேர்தல், தேர்தல் முடிய நிலுவை விண்ணப்பங்கள். சேவை மையத்திலே கேட்டால் மேலே கேட்கச் சொன்னார்கள். மேலே கேட்டால் கணினியிலே பார்க்கச் சொன்னார்கள். கணினியோ 'பரிசீலனையில்' என்றது. அட்டை வந்தது 2024 செப்டம்பரில். வருமானச் சான்றும் காப்பீட்டு எண்ணும் கைக்கு வந்தபோது நவம்பர். அக்டோபரிலே அந்தக் குழந்தைக்கு ஆறு வயது நிறைந்துவிட்டது.

அந்தத் தாய் போன பயணங்களை ஒருநாள் உட்கார்ந்து எண்ணினோம். பதினான்கு. பதினான்கு நாள் கூலி போயிற்று, பேருந்துக் கட்டணம் தனி. நகரப் பேருந்திலே பெண்களுக்குக் கட்டணமில்லை. கடலூருக்குப் போகும் வெளியூர்ப் பேருந்திலே உண்டு. 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்காக அரசு கட்டிய ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். அந்த 849 ரூபாய் உரிமையைத் தேடி அவர் இழந்தது அதைப்போலப் பல மடங்கு.

யாரைக் குற்றம் சொல்வது? நான் ஊரையோ அலுவலகத்தையோ பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படியே நடந்தார்கள். சான்று கேட்டவர் சான்று கேட்க வேண்டியவர்தாம். காத்திருக்கச் சொன்னவருக்கும் ஆணை அப்படித்தான். குற்றவாளி ஒருவருமில்லை, தண்டனை மட்டும் ஒரு குழந்தைக்கு, அதுவும் ஆயுள் தண்டனை!

"ஏழைகளுக்கு அறியாமை, அதனாலே விண்ணப்பிப்பதில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், படித்த பெருமக்கள். கடலூர்க் கடற்கரையின் வரலாறு அவர்களுக்குத் தெரியாதோ? 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30, தானே புயல். 2015 வெள்ளம். தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களிலும் ஒருமுறையேனும் காகிதங்கள் நனையாத வீடு எது? அலை வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் தாய், பெட்டியைத் தூக்கவில்லை. அதற்காக அவளை அறிவிலி என்பார் உண்டோ? முந்திரிக் காட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கேரளத்துக்கும் பிழைக்கப் போகிறவர்கள், முகவரி மாறும்போதெல்லாம் முத்திரை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

இனி, அரசுக்கு இந்தக் குழந்தையைத் தெரியாதா என்று கேட்கிறேன். நன்றாகத் தெரியும்! கருவிலே இருந்தபோதே தாய்க்குப் பிக்மி எண் கொடுத்தது அரசு. அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றே கிடையாது. பிறந்தது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலே. தடுப்பூசி போட்டவர் அரசுச் செவிலியர். மாதந்தோறும் எடைபோட்டு ஏட்டிலே எழுதியது அங்கன்வாடி. பள்ளியிலே சேர்ந்தால் நானே ஓர் எமிஸ் எண் போடுவேன். இத்தனை எண்கள் போட்டு எண்ணிய பிறகு, "இந்தக் குழந்தை உன் குழந்தைதான் என்பதற்கு என்ன சான்று?" என்று தாயைக் கேட்கிறது அதே அரசு! ஒரு துறையின் ஏடு இன்னொரு துறையின் ஏட்டோடு பேசாத குறையை, ஒரு பெண்ணின் கால்நடையாலே நிரப்புகிறோம்.

முடியாத காரியமா இது? 2023-இலே மகளிர் உரிமைத்தொகைக்கு வீடுதோறும் டோக்கன் வந்தது. நியாயவிலைக் கடைப் பட்டியலைக் கையிலே வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் முகாம் போட்டு, தன்னார்வலர்களை உட்கார வைத்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களைச் சில மாதங்களிலே பட்டியலிட்டது இதே அரசு இயந்திரம். 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் 2025 ஜூலை 15 அன்று தொடங்கப்பட்டது வேறெங்குமன்று, நம் சிதம்பரத்திலேதான். துறைகள் எல்லாம் ஒரே பந்தலிலே வந்து உட்கார முடியும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். பாராட்டுகிறேன். பாராட்டிவிட்டுக் கேட்கிறேன்: பந்தல் பிரித்த மறுநாள் பிறந்த குழந்தை என்ன செய்யும்?

அமெரிக்காவிலே 1997-இலே ஏழைக் குழந்தைகளுக்கென்று காப்பீட்டுத் திட்டம் போட்டார்கள். சட்டம் வந்து பல்லாண்டுகள் கழிந்தும், தகுதி இருந்தும் சேராத குழந்தைகள் பல லட்சம் பேர் இருந்தார்கள். காரணம் அங்கேயும் படிவந்தான். லூசியானா என்ற மாநிலம் 2010-இலே ஒரு காரியம் செய்தது. உணவு மானியம் பெறும் குடும்பங்களின் பட்டியல் முன்பே அரசிடம் இருந்தது. அதை ஒப்பிட்டு, வருமானச் சான்றை மறுபடி கேட்காமலே, அந்தக் குழந்தைகளைக் காப்பீட்டிலே சேர்த்துக்கொண்டது. அரிசிக்கு ஏழை என்றால் அறுவைக்கும் ஏழைதானே! இந்த எளிய கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. 1920-இலே சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே நீதிக்கட்சியார் மதிய உணவு தொடங்கினார்கள். காமராசர் காலத்திலே மாநிலமெங்கும் அது பரவிற்று, 1982-இலே சத்துணவாயிற்று, 2022-இலே காலை உணவும் சேர்ந்தது. பந்தியிலே உட்கார்ந்த எந்தப் பிள்ளையிடமாவது வருமானச் சான்று கேட்கிறோமா? தட்டை நீட்டினால் சோறு. காது நீட்டினால் மட்டும் ஏன் கையொப்பம்?

"கேட்காமலே சேர்த்தால் போலிகள் புகுந்துவிடுவார்களே!" என்று ஒரு நண்பர் சொன்னார். புகட்டுமே! கேளாமையை நடித்து அறுவைக் கத்திக்கு அடியிலே படுக்கப் போகும் குழந்தை எது என்று அவரைக் கேட்டேன். மறுமொழி இல்லை.

இன்னொரு வாதம் உண்டு. அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். "காப்பீடு எதற்கு? அரசு மருத்துவமனையை வளர்த்தால் போதாதா? காப்பீட்டுப் பணம் தனியாருக்கல்லவா போகிறது?" என்கிறார்கள் தோழர்கள் சிலர். அவர்கள் கவலை நேர்மையானது. மருத்துவமனை நம்முடையதாக வேண்டும் என்பதிலே எனக்கும் ஐயமில்லை. அண்ணாமலை நகரிலே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கட்டணக் கொடுமையை எதிர்த்து நாட்கணக்கிலே உட்கார்ந்தார்கள். 2021-இலே அந்தக் கல்லூரி சுகாதாரத் துறையின் கைக்கு மாறி, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. போராடினால் கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆனால் காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கும்தான் வருகிறது. அங்கே நடக்கும் அறுவைக்கும் கணக்கு எழுதி, அந்தப் பணத்திலே கருவி வாங்குகிறார்கள். நாளைய மருத்துவமனைக்காகப் போராடுவோம், தடையில்லை. இன்றைய குழந்தைக்கு ஆறு வயது ஆகிக்கொண்டிருக்கிறதே!

அந்தக் குழந்தையின் பாட்டி ஒரு மொட்டை நேர்ந்திருந்தார். தலைவிதி என்றார். நம் தோழர் ஒருவர் அங்கேயே அவரோடு வாதாடத் தொடங்கிவிட்டார்: விதி என்பது யார் கட்டியது, யாருக்கு அதனாலே ஆதாயம் என்று அழகாகவே பேசினார். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்தப் பாரத்தை எழுதித் தர்றியா?" என்றார். தோழரிடம் பேனா இல்லை.

நண்பர்களே, அந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. படிப்பகங்கள் வைத்திருக்கிறோம். மன்றங்கள் வைத்திருக்கிறோம். விதியை நம்பாதே என்று சுவரெல்லாம் எழுதுகிறோம். விதியை நம்பாதவள் அடுத்து எந்தச் சாளரத்துக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறோமா? 1916-இலே இதே சிதம்பரத்திலே சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயராலே பள்ளி தொடங்கினார். நந்தன் கதையைக் கேட்டு உருகியவர் ஊரெல்லாம் இருந்த காலம் அது. அவர் உருகுவதோடு நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து எழுத்தறிவித்தார்.

எங்கள் பள்ளியிலே சென்ற ஆண்டு ஒரு வேலை செய்தோம். வருகைப் பதிவேட்டையும் குடும்ப அட்டைகளையும் பக்கத்துப் பக்கத்திலே வைத்து ஒவ்வொரு பிள்ளையாகச் சரிபார்த்தோம். அட்டையிலே பெயர் ஏறாத பிள்ளைகள் ஒரு முழுப் பக்கம் நிரம்ப வந்தார்கள். அவர்களுடைய தம்பி தங்கையரையும் கேட்டு எழுதியபோது இரண்டாம் பக்கமும் தேவைப்பட்டது. பிறப்புச் சான்றிலே பெயர் இல்லாதவர்கள், ஆதாரிலே எழுத்துப் பிழை உள்ளவர்கள், தாய் ஓர் அட்டையிலும் தந்தை ஓர் அட்டையிலும் இருப்பவர்கள், தந்தையே இல்லாதவர்கள். ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழு, இதயக்குறையோ கேளாமையோ கண்டுபிடித்துச் சீட்டெழுதித் தந்தால், அந்தச் சீட்டோடு அட்டையும் ஆயத்தமாக இருக்க வேண்டுமல்லவா? நோய் கண்ட பிறகு காகிதம் தேடுவது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுகிற கதை. ஆகவே நோயில்லாத பிள்ளைகளிடமிருந்தே தொடங்கினோம்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். பிறப்பைப் பதிவு செய்யும் அன்றே குழந்தையின் பெயர் தாயின் காப்பீட்டிலே ஏற வேண்டும். விண்ணப்பம் நிலுவையிலே இருக்கும் நாட்களை வயது வரம்பிலே கணக்கிடக் கூடாது. மருத்துவத்துக்குத்தான் வயது எல்லை, மேசையிலே கிடந்த நாட்களுக்கு அல்ல. அந்த நாட்களிலே சிகிச்சை தொடங்க, மருத்துவர் எழுதிய சீட்டே போதுமென்று ஆணை வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களிடம் மன்றங்கள் இந்தக் கோரிக்கையை எழுத்திலே கொடுக்கட்டும். கைதட்டலுக்காக அல்ல, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும்.

அதுவரை சனிக்கிழமைதோறும் எங்கள் பள்ளித் திண்ணையிலே ஒரு மேசை போடுகிறோம். எழுதுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள் மூவரும் நானும். மேசைக்குப் பக்கத்திலே இன்னொருவரும் உட்காருகிறார். அந்தக் குழந்தையின் தாய். குழந்தை இப்போது சைகை மொழி பயில்கிறது. பயிற்சி முடிந்து வரும் மாலைகளிலே தாயின் மடியிலே உட்கார்ந்து, எழுதும் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தச் சான்றுக்கு எந்தப் படிவம் என்பது எனக்குத் தெரியும். எந்தச் சாளரம் எத்தனை மணிக்கு மூடும், எந்த நாளிலே கணினி வேலை செய்யாது, எந்தக் காகிதத்துக்கு இரண்டு படி வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். படிவத்தை நான் நிரப்பித் தந்ததும், வந்த பெண்ணிடம் அவர் சொல்லுவார்:

"இரும்மா, இன்னைக்கே போகலாம். நானும் கூட வர்றேன்."